கிளாராப் பாட்டி

கிறிஸ்துமஸ் வந்தால் அமெரிக்க நகரங்களில் 'நட்கிராக்கர்' என்னும் பாலே நாட்டியமும் தவறாமல் வந்துவிடும். கொட்டை உடைக்கும் மரப்பொம்மை ஒன்று கிளாரா என்ற சிறுமிக்குப் பரிசாகக் கிடைக்கிறது. நள்ளிரவில் அது உயிர் பெற்று, எலிராஜாவோடு போரிட்டு, அவளை மிட்டாய் ராஜ்யத்துக்கு அழைத்துப் போகிறது. கதை இவ்வளவுதான்.

1996-இல் டொனால்ட் பர்ட் என்ற கறுப்பின நாட்டியக் கலைஞர் இந்தக் கதையை நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் கொண்டுபோனார். அவருடைய கிளாரா சிறுமி அல்ல. பேரன் பேத்தி எடுத்தவள், கணவனை இழந்தவள். பிள்ளைகள் கூடியிருக்கும் பண்டிகை இரவில், மறைந்த கணவன் அவள் முன் தோன்றுகிறான். மிட்டாய் ராஜ்யத்தின் இடத்தில் ஜாஸ் சங்கீதம் முழங்கும் ஒரு கேளிக்கை விடுதி!

"பழம்பெரும் கலையில் இப்படிக் கை வைக்கலாமா?" என்று கேட்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களுக்குச் சரித்திரமே பதில் சொல்கிறது. 1816-இல் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் எழுதிய கதையை, 1844-இல் பிரெஞ்சுக்காரரான டூமா தம் பாணியில் திருப்பிச் சொன்னார். அதை ருஷ்யர்கள் எடுத்துக்கொண்டு, செய்கோவ்ஸ்கியின் இசையோடு 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேற்றினார்கள். அதில் வரும் அரபு நடனத்தின் மெட்டு, உண்மையில் ஜார்ஜியா நாட்டுத் தாலாட்டு! கை மாறி மாறி வந்த சொத்துக்கு ஹார்லெம் மட்டும் வாரிசாகக் கூடாதா?

ஹார்லெமின் உரிமைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. பர்ட் எடுத்துக்கொண்ட இசை, ட்யூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 1960-இல் செய்கோவ்ஸ்கியை ஜாஸாக மாற்றி அமைத்தது. அதை டேவிட் பெர்கர் விரிவாக்கித் தந்தார். அந்த எலிங்டன்தான் 1927 முதல் சில வருஷங்கள் ஹார்லெமின் காட்டன் கிளப்பில் வாத்தியக் குழுவை நடத்தியவர். அங்கே வாசித்தவர்கள் கறுப்பர்கள், ஆடியவர்கள் கறுப்பர்கள். மேஜை முன் அமர்ந்து ரசித்தவர்களோ வெள்ளையர்கள். ஹார்லெமிலேயே பிறந்த கறுப்பருக்கும் அங்கே விருந்தாளியாக நுழைய வழியில்லை.

இதை நினைவில் வைத்துக்கொண்டு பர்டின் மேடையைப் பாருங்கள். அந்த விடுதியில் வாசலை மறிக்க யாரும் இல்லை. கிளாராப் பாட்டி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு விருந்தாளியாக உள்ளே போகிறாள். பீட்டர்ஸ்பர்க்கின் சிறுமிக்கு மிட்டாய் மலைகள் எவ்வளவு பெரிய கனவோ, அந்தத் தலைமுறைப் பெண்ணுக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் அவ்வளவு பெரிய கனவாக இருந்திருக்கின்றன.