பார்டன் ஹாலுக்கு முந்தைய இரவும் அடுத்த இரவும்

2012ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் புதிதாகச் சேர்த்த 25 பதிவுகளின் பட்டியலை வெளியிட்டது. பண்பாட்டு முக்கியத்துவம் கருதிக் காலத்துக்கும் காக்கப்பட வேண்டியவை என்று நூலகம் தேர்ந்தெடுக்கும் பதிவுகள் அவை. அப்பட்டியலில் ராக் இசைக் கச்சேரி ஒன்றும் இருந்தது. 1977 மே 8 அன்று, நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் கிரேட்ஃபுல் டெட் குழுவினர் நிகழ்த்திய கச்சேரி.

அக்குழு 1965 முதல் 1995 வரையிலான 30 ஆண்டுகளில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகளை நிகழ்த்தியது. அத்தனை இரவுகளில் இந்த ஓர் இரவு மட்டும் எப்படி முன்வரிசைக்கு வந்தது? அன்று இசை அபாரமாக அமைந்தது என்பது எளிய விடை. அது உண்மையும்கூட. ஆனால் பாதி விடைதான் என்று நமக்குத் தோன்றுகிறது. மறுபாதியைத் தேட வேண்டுமானால் மேடையைவிட்டு இறங்கி, அவையில் நின்றிருந்த ரசிகனைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும்.

முதலில் குழுவைப் பற்றிச் சில சொற்கள். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெர்ரி கார்சியா, பாப் வெயர், ஃபில் லெஷ், பில் க்ரூட்ஸ்மன், ரான் மெக்கெர்னன் ஆகியோர் கூடி, வார்லாக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய குழு இது. பிற்காலத்தில் 'ஜாம் பேண்ட்' என்று அழைக்கப்பட்ட மரபுக்கு இவர்களே முன்னோடிகள். இசைத்தட்டில் உள்ளதை மேடையில் அப்படியே ஒப்பிக்கும் வழக்கம் இவர்களிடம் இல்லை. ஒரு பாடல் எங்கே முடியும், அடுத்த பாடலுக்குள் எந்த வழியாக நுழையும் என்பதெல்லாம் அந்தந்த இரவின் மனோதர்மத்தைப் பொறுத்தது. 1967இல் இரண்டாவது தாளக் கலைஞராக மிக்கி ஹார்ட் வந்து சேர்ந்தார். 1991இல் இவர் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தொகுப்பில் ஜாகிர் உசேனின் தபலாவோடு நம் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒலித்ததை இசை அறிந்த நண்பர்கள் நினைவுகூரக்கூடும்.

1977 வசந்த காலத்தில் குழு நல்ல நிலையில் இருந்தது. 1974 அக்டோபரில் பயணங்களை நிறுத்திவிட்டு ஓய்ந்திருந்தவர்கள், 1976 ஜூனில்தான் மீண்டும் ஊர் ஊராகச் செல்லத் தொடங்கினர். 'டெராபின் ஸ்டேஷன்' தொகுப்பின் பதிவுப் பணியில் தயாரிப்பாளர் கீத் ஓல்சன் அவர்களைக் கடுமையாகப் பயிற்சி செய்ய வைத்திருந்தார். அந்தப் பயிற்சியின் பலன் மேடையில் தெரிந்தது.

இனி, அந்த வாரக்கடைசியை முழுவதும் கேட்கப் புறப்பட்ட ஒரு ரசிகனை எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவனைப் போன்றவர்கள் பலர் இருந்தனர். மே 7, சனிக்கிழமை இரவு பாஸ்டன் கார்டன். மறுநாள் இத்தாக்கா. அதற்கடுத்த நாள், திங்கட்கிழமை, பஃபலோ. பாஸ்டனிலிருந்து இத்தாக்காவுக்குச் சாலைவழி சுமார் 500 கிலோமீட்டர். இரவு கச்சேரி, பகலில் பயணம், மீண்டும் இரவில் கச்சேரி. முந்தைய இரவு கேட்ட சில பாடல்களை மறுநாளும் கேட்க நேரலாம் என்பது அவனுக்குத் தெரியும். ஆயினும் கேட்டதையே கேட்கப் போகிறோம் என்று அவன் ஒருபோதும் எண்ணுவதில்லை.

ஞாயிறன்று அமெரிக்காவில் அன்னையர் தினம். பார்டன் ஹால், ராணுவப் பயிற்சிக்கென்று கட்டப்பட்ட பெருங்கூடம். இரண்டாம் பகுதி தொடங்கும் முன், முன்வரிசையில் இருப்பவர்கள் நசுங்குகிறார்கள், அனைவரும் ஓரடி பின்னே செல்லுங்கள் என்று மேடையிலிருந்து வேண்டுகிறார்கள். அதைத் தொடர்ந்து 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' என்ற பாடலும், மேடைக்கு வந்து இரண்டே மாதங்களான 'ஃபயர் ஆன் த மவுண்டன்' என்ற பாடலும், இணைப்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி ஒன்றாகின்றன. 'மார்னிங் டியூ' என்ற பாடல் மெல்லிய முனகலில் தொடங்கிப் பேரலையாக எழுந்து அடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதைப் பொருட்படுத்தாமல், சனிக்கிழமை இரவைக் கொண்டாடும் பாடல் ஒன்றோடு கச்சேரியை முடிக்கிறார்கள். வெளியே வந்தவர்களை மே மாதப் பனிப்பொழிவு வரவேற்றது என்பது அன்று வந்திருந்தவர்கள் விடாமல் சொல்லும் செய்தி.

நம் ரசிகன் அன்றோடு வீடு திரும்பவில்லை. திங்களன்று பஃபலோவில், மூன்று பகுதிகள் கொண்ட கடினமான ஒரு கோவையைத் தொடக்கத்திலேயே குழு கையில் எடுத்ததையும் கேட்டான். அந்த இரவே மேலானது என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. அப்படியானால் பார்டன் ஹாலுக்கு மட்டும் இந்தப் பெரும்புகழ் வந்தது ஏன்?

விடை ஒலிநாடாவில் இருக்கிறது. ஓர் இரவைப் போல் மற்றோர் இரவு இல்லாத இசையில், கேட்கத் தவறியது தவறியதுதான். அந்த இழப்பைப் பொறுக்காதவர்கள் ஒலிவாங்கியோடு கச்சேரிக்கு வந்தார்கள். 1971இல் நியூயார்க்கைச் சேர்ந்த லெஸ் கிப்பல் நாடாப் பரிமாற்றக் குழு ஒன்றைத் தொடங்கினார். 1974இல் அதிலிருந்து ஒரு சிறுபத்திரிகையும் பிறந்தது. பரிமாற்றத்துக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது: பணம் வாங்கக் கூடாது. வெற்று நாடாவும் தபால் செலவும் அனுப்பினால் போதும், பிரதி வந்து சேரும். பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடும். கைமாறிக் கைமாறி வந்த நாடாவில் இசையைவிடச் சீறலே மிகுந்திருக்கும். 1984 அக்டோபரில், பெர்க்லியில் நடந்த கச்சேரியின்போது, ஒலிப்பதிவு செய்வோருக்கென்று தனிப் பகுதியையே குழு ஒதுக்கிக் கொடுத்தது.

பார்டன் ஹால் இரவுக்கு இன்னொரு பேறும் வாய்த்தது. குழுவின் ஒலிப்பதிவாளர்களில் ஒருவரான பெட்டி கேன்டர்-ஜாக்ஸன், மேடையின் ஒலிக்கலவைக் கருவியிலிருந்து அதை நேரடியாகப் பதிவு செய்திருந்தார். பிற்காலத்தில் அவருக்கும் குழுவுக்கும் உறவு அற்றுப்போனது. வாடகைக் கிடங்கில் அவர் வைத்திருந்த நாடாக்கள், வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலம் போயின. வாங்கியவர்கள் வழியே அவற்றுள் பலவும் ரசிகர்களின் கைகளுக்கு வந்தன. சீறலுக்குப் பழகியிருந்த காதுகளில் இந்தத் தெளிவு எப்படி விழுந்திருக்கும்! அன்று பிறந்தேயிராத பிள்ளைகள்கூட அந்த இரவை மனப்பாடமாக அறிந்தார்கள்.

ஆக, வரலாறு அந்த இரவைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் இசை மட்டுமன்று. அதற்கு நல்ல சான்று எஞ்சியது. அச்சான்றைக் கைமாற்றிக் காக்க ஆட்கள் இருந்தார்கள். நம் பழைய ஏடுகளில் எது பிழைத்தது, எது அழிந்தது என்பதை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. பிழைத்தது எல்லாம் சிறந்ததும் அன்று. அழிந்தது எல்லாம் தாழ்ந்ததும் அன்று.

இந்தப் பற்றுக்கு இருண்ட முகமும் உண்டு. 1987இல் 'டச் ஆஃப் கிரே' என்ற பாடல் விற்பனைப் பட்டியலில் ஏறியபின், அரங்குகளின் வெளியே பெருங்கூட்டம் சேர்ந்தது. 1995 ஜூலை 2 அன்று, இண்டியானா மாநிலத்தின் டீர் க்ரீக் அரங்கில், சீட்டு இல்லாதவர்கள் வேலியைத் தகர்த்து உள்ளே புகுந்தனர். மறுநாள் கச்சேரி கைவிடப்பட்டது. ஒரு வாரத்தில், சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் ஜூலை 8, 9 தேதிகளில் நடந்தவையே இறுதிக் கச்சேரிகள் ஆயின. ஆகஸ்ட் 9 அன்று கார்சியா மறைந்தார். எப்படியாவது உள்ளே இருந்துவிட வேண்டும் என்ற வேட்கைதான் நாடாக்களைக் காத்தது. அதே வேட்கைதான் வேலியையும் உடைத்தது. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

2017 மே மாதம், நாற்பதாம் ஆண்டையொட்டி, பார்டன் ஹால் கச்சேரி முதன்முறையாக அதிகாரபூர்வமாக வெளிவந்தது. தனியாக வெளியிட்டதோடு, மே 5 நியூ ஹேவன், மே 7 பாஸ்டன், மே 9 பஃபலோ ஆகிய கச்சேரிகளோடு சேர்த்து ஒரே தொகுப்பாகவும் வெளியிட்டார்கள். அத்தொகுப்பை வரிசையாகக் கேட்கும்போது பார்டன் ஹால் தனிச் சிகரமாகத் தெரிவதில்லை. முந்தைய இரவில் தேடிய ஒன்று அங்கே கைகூடுகிறது. கைகூடியது அடுத்த இரவில் வேறு வடிவம் கொள்கிறது.

ஒரே குழுவை மூன்று நாள் தொடர்ந்து கேட்கப் புறப்பட்டவனைப் பித்தன் என்று அன்று வீட்டார் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அந்த வாரக்கடைசியில் என்ன நடந்தது என்பதை முழுதாக அறிந்தவன் அவனே. பதிவேட்டில் ஓர் இரவு இடம்பெற்றுவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு இரவுகள் இருந்தன என்று சொல்ல, அவற்றையும் கேட்ட ஒருவன் வேண்டியிருக்கிறது.