தரங்கம்பாடிக் கோட்டைச் சிறையில் சீகன்பால்கு

1708ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள், தரங்கம்பாடியிலிருந்த டேனியர் கோட்டையில் பாதிரியார் ஒருவர் சிறை வைக்கப்பட்டார். பார்த்தலோமேயு சீகன்பால்கு என்பது அவர் பெயர், வயது 26. ஜெர்மனியில் புல்சுனிட்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்த இவரை டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு சமயப் பணிக்கென அனுப்பினார். 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அவரைச் சிறையிலிட்டவரோ அதே மன்னரின் கொடிக்கீழ் கோட்டையை ஆண்ட தளபதி ஹாசியுஸ்.

வழக்கு சிறியதுதான். தமிழ் நாவிதர் ஒருவர் இறந்துவிட, கடன் பற்றிய தகராறு ஒன்று அவருடைய கைம்பெண்ணின் தலையில் விழுந்தது. எதிர்க்கட்சிக்காரர் கும்பினியில் மொழிபெயர்ப்பாளராயிருந்தவர், செல்வாக்குள்ளவர். அப்பெண்ணுக்காகச் சீகன்பால்கு பலமுறை பரிந்து பேசினார். டேனியர் கோயிலில் தளபதியின் முன் மண்டியிட்டு முறையிடுமாறும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். இதைத் தளபதி தம் அதிகாரத்தில் தலையிடுவதாகக் கொண்டார். பாதிரியாரை வரச்சொல்லி ஆளனுப்பினார். எழுத்து மூலம் அழைப்பு வேண்டும் என்றார் பாதிரியார். கைது நிகழ்ந்தது. விசாரணையில் அவர் வாய் திறக்க மறுக்கவே சிறைக்கதவு மூடப்பட்டது.

சீகன்பால்கு பக்கம் பிழையே இல்லை என்பதற்கில்லை. சபையோர் நடுவே தளபதியை அவ்வாறு நிறுத்தியது இளமையின் விரைவாக இருக்கலாம். ஆயினும் அதற்கு நான்கு திங்களுக்கு மேற்பட்ட சிறை நேரிய தண்டனையாகாது.

அநீதியைப் பொறுத்துக் கடவுளை நம்பியிரு என்பது கிறிஸ்தவ சமயத்தின் பழம் போதனை. இதைத் தவறாகப் பொருள் கொள்வோர் மிகப் பலர். கொரிந்து சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடியபோது, அதைவிட அநியாயத்தைச் சகித்துக்கொள்வது மேலன்றோ என்று கேட்டவர் பவுலடிகள். அதே பவுல், பிலிப்பியில் விசாரணையின்றி அடிபட்டபின் கள்ளத்தனமாய் ஊரைவிட்டுப் போக மறுத்து, அதிகாரிகளே வந்து தம்மை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்றார். பின்னொரு கால் இராயனிடமே மேல்முறையீடு செய்தார். இது முரண் அன்று. முறைப்படி நீதி கேட்கலாம். கிடைக்காதபோது அதிலேயே உயிரைக் கட்டிவைக்காமல், வழக்கை நேர்மையாய்த் தீர்ப்பவர் கையில் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதே அடிகளின் கருத்து. விட்டுக்கொடுக்கக்கூடியது தன் பங்கு மட்டுமே. கைம்பெண்ணின் பங்கை விட்டுக்கொடுக்கப் பாதிரியாருக்கு என்ன உரிமை? எளியவர்க்குப் பொறுமையை மட்டும் போதிக்கும் வலியவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

சிறைப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார் சீகன்பால்கு. அதற்கு இரண்டாண்டு முன்னர் அவருக்குத் தமிழ் அரிச்சுவடியே தெரியாது. முதிய வாத்தியார் ஒருவருடைய பள்ளியைத் தம் வீட்டிலேயே நடக்கச் செய்து, பிள்ளைகளோடு தரையிலமர்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றவர் அவர். இன்றைய ஆசிரியப் பயிற்சியில் இதைவிடச் சிறந்த மாணாக்கரைக் காட்டுவது அரிது. அவ்வாறு கற்ற மொழியில் தொடங்கிய பணி பாதியில் நின்றது. சிறையில் எழுதுவதற்கு வழி கிடைத்ததும் அவர் ஜெர்மன் மொழியில் இரு நூல்கள் எழுதினார். ஒன்று, கடவுளுக்கு உகந்த கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியது. மற்றொன்று, கடவுளுக்கு உகந்த போதகத் தொழிலைப் பற்றியது.

1709 மார்ச்சு 26இல் விடுதலையானார். தளபதி மாறவில்லை, தளபதியின் மனமும் மாறவில்லை. அதே ஊரில், அதே கோட்டையின் நிழலில், விட்ட மொழிபெயர்ப்பை மீண்டும் எடுத்தார். 1711இல் அது நிறைவெய்தியது. இலண்டன் கழகத்தார் அச்சுப்பொறி அனுப்பினர். ஹாலே நகரில் தமிழ் எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. அவ்வெழுத்துக்கள் பெரியனவாய்த் தாளை விழுங்கியமையால் இங்கேயே சிறிய எழுத்துக்கள் வார்க்க நேர்ந்தது. 1714இல் தொடங்கிய அச்சுவேலை 1715இல் முடிந்தது.

தமக்கு நேர்ந்ததை அவர் மேலிடத்தில் சொல்லாமலில்லை. 1714இல் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியதற்குத் தளபதியோடிருந்த பிணக்கும் ஒரு காரணம். 1716இல் தரங்கம்பாடிக்கு வேறு தளபதி வந்தார். நீதி வந்துசேர ஏழாண்டுக்கு மேலாயிற்று. அதுவரை காத்திருந்திருந்தால் தமிழில் முதன்முதல் அச்சேறிய புதிய ஏற்பாடு அந்த ஆண்டுகளில் வெளிவந்திராது. ஹாசியுஸ் ஆண்டபோதே அது அச்சேறிவிட்டது.

பின்னர் அடி வேறு திசையிலிருந்து வந்தது. கோபன்ஹேகனில் சமயப் பணிக் கழகத்தின் செயலாளராயிருந்த வெண்டு என்பார், கட்டடங்களுக்குப் பணம் செலவிடுவது அப்போஸ்தலர் நெறியன்று எனக் கடிந்தெழுதினார். தொலைவிலிருந்து குறை காண்பது எளிது. நோயுற்றிருந்த சீகன்பால்குவை அக்கண்டனம் வாட்டியது. எனினும் புதிய எருசலேம் ஆலயம் எழுந்து, 1718 அக்டோபரில் திறக்கப்பட்டது. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், 36ஆம் வயதில் அவர் காலமானார். அந்த ஆலயத்திற்குள்ளேயே அவரை அடக்கம் செய்தனர்.