தட்டணுவை அளந்த வரலாறு

குருதி உறைதலில் தட்டணுக்களுக்கு உள்ள பங்கை இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிட்சோசெரோ 1882இல் விளக்கியிருந்தபோதிலும், அவை தூண்டப்பட்டுத் திரளும் வேகத்தை அளக்கும் எளிய முறை 1962இல்தான் லண்டனில் குஸ்தாவ் பார்ன் வழியாகக் கிடைத்தது. சிட்ரேட் கலந்த குருதியை மெதுவாகச் சுழற்றிப் பிரித்த, தட்டணு மிகுந்த கலங்கலான பிளாஸ்மாவை 37 டிகிரி செல்சியஸில் கலக்கியபடியே ஒளியைச் செலுத்தி, ஏடிபி (ADP) என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தால், தட்டணுக்கள் திரளத் திரளத் திரவம் தெளிந்து ஒளி கூடுதலாக ஊடுருவும். அந்த ஏற்றம் தாளில் கோடாகப் பதியும்.

அழகிய முறைதான், ஆயினும் இரத்தநாள நோயாளியின் உடலுக்குள்ளேயே தட்டணு தூண்டப்பட்டுள்ளதா என்பதை அது சொல்லாது. தூண்டப்பட்ட தட்டணு வெளியிடும் பீட்டா-துரோம்போகுளோபுலின் என்ற புரதத்தை அளக்கும் சோதனை 1970களில் வந்தபோது, ஊசி குத்துவதும் கையை இறுகக் கட்டுவதும் மாதிரி குழாயில் காத்திருப்பதுமே தட்டணுக்களைத் தூண்டிவிட்டதால், நோயின் விளைவையும் மாதிரி எடுத்ததன் விளைவையும் பிரித்தறிவது கடினமாயிற்று. தட்டணுவின் மேற்பரப்பில் தோன்றும் பி-செலக்டின் புரதத்தை ஒளிரும் எதிர்ப்பொருளால் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பின்னர் வந்தும் இச்சிக்கல் தீரவில்லை. மாதிரி எடுத்த விதத்தைத் தெளிவாகக் கூறாத எந்த அளவீடும் நம்பத்தக்கதன்று.