முள்ளும் மைல் கல்லும்



மலருக்குக் கட்டுரை கேட்டவுடன், வகுப்பில் மார்க் வாங்கி வீட்டில் தோற்ற ஒரு பாடம்தான் நினைவுக்கு வந்தது. கார் ஸ்பீடாமீட்டரின் வரலாறு அது.

1984. எங்கள் வெண்ணந்தூர் அப்போது சேலம் மாவட்டம். நாமக்கல் மாவட்டம் பிறந்தது 1997-ல். அப்பா ஒரு பழைய அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டினார். கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, கிலோமீட்டர் கணக்கில்தான் வாடகை. ஒருநாள் மீட்டர் முள் முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஆட ஆரம்பித்தது. சேலம் போய் வந்த தறிக்காரர் ஒருவர், "முள்ளே இந்த ஆட்டம் ஆடுது, கிலோமீட்டரு மட்டும் எப்படீங்க சரியா இருக்கும்?" என்று கேட்டுவிட்டார். அப்பா பாதி வாடகையோடு திரும்பினார்.

அன்றிரவு என்னிடம், "ஏண்டா, நீ பிசிக்ஸுதானே படிக்கிற? முள்ளு ஆடினா கணக்குந் தப்புமா?" என்றார். சுழல் மின்னோட்டத்தின் பயன்களில் 'வேகமானி' என்று எழுதி மார்க் வாங்கியவன் நான். பதில் தெரியவில்லை!

காந்தத்தின் அருகே உலோகம் சுழன்றால் காந்தமும் இழுபடும் என்பதை 1824-லேயே பிரான்சின் அராகோ கண்டார். அதை வண்டிக்குக் கொண்டுவந்தவர் ஆட்டோ ஷூல்ஸே. அன்று ஜெர்மனியின் பிடியில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க்கில், 1902-ல் காப்புரிமை பெற்றார். கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமலே பக்கத்தில் ஓர் அலுமினியக் கிண்ணம்; முள் அதோடு சேர்ந்தது. காந்தம் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய சுருள்வில் பிடித்து நிறுத்தும். கிலோமீட்டர் எண்களுக்குக் காந்தம் வேண்டியதில்லை; அதே கேபிள் பல்சக்கரங்கள் வழியே அவற்றை உருட்டுகிறது.

ஒரு பட்டறையில் மீட்டரையே மாற்றச் சொன்னார்கள். ராசிபுரத்தில் வயதான மெக்கானிக் ஒருவரோ முதலில், "நம்பரு ஓடுதா தம்பி?" என்றார். ஓடுகிறது என்றேன். "முள்ளும் நம்பரும் ரெண்டும் நின்னா கேபிளையும் கியர் பாக்ஸ் பல்லையும் பாரு. நம்பரு ஓடி முள்ளு படுத்துட்டா மீட்டருக்குள்ள கோளாறு. முள்ளு ஆடினா கேபிளு காஞ்சிருக்கும், இல்ல மடங்கியிருக்கும்."

கேபிளைக் கழற்றி உள்கம்பியை உருவினார். எலும்பு போலக் காய்ந்திருந்தது. கிரீஸ் இலேசாகத்தான் தடவினார். அதிகமானால் மேலே ஏறிக் கிண்ணத்தில் ஒட்டி மீட்டரையே கெடுத்துவிடுமாம். மாட்டியதும் முள் அடங்கியது.

அப்பா கேட்டதற்குப் பதிலும் அங்கேதான் கிடைத்தது. காய்ந்த கேபிள் திக்கித் திக்கிச் சுற்றும், முள் ஆடும். ஆனால் மொத்தச் சுற்று மாறாது. கேபிள் முனை தேய்ந்து வழுக்கினால் எண் குறையுமே தவிரக் கூடாது. நட்டம் அப்பாவுக்குத்தான்!

அடுத்த ஞாயிறு தறிக்காரரையும் ஏற்றிக்கொண்டு ராசிபுரம் ரோட்டில் போனோம். 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்து மைல்கள் கிலோமீட்டரான பிறகும் நாம் 'மைல் கல்' என்றுதான் சொல்கிறோம். அந்தக் கற்களில் பத்து கிலோமீட்டர் எண்ணினோம், மீட்டரிலும் பத்து. முள் அறுபதில் நின்றபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கல்லுக்குக் கல் அறுபது விநாடி. தறிக்காரர் பாக்கியை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. இன்றைய கார்களில் கேபிளுக்குப் பதில் சென்சார். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் மீட்டரை மாற்றுமுன் கேபிளை உருவிப் பாருங்கள். படிக்கும் தம்பி தங்கைகளே, பயன்களை எழுதும்போது அந்தப் பொருளை ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள். வீட்டில் எப்போது யார் கேட்பார்களோ!