அந்த யானை திரும்பி வந்ததா?



போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் ஒரு காதுகுத்து. கையெழுத்து நன்றாக இருக்கும் வாத்தியார் என்றால் மொய் நோட்டு அவர் தலையில்தான் விழும். எழுதிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதை நெருங்கும் ஒரு அம்மா ஐந்நூறு ரூபாயை நீட்டி, "சார், என்னைத் தெரியுதுங்களா?" என்றார். தெரியவில்லை. "எட்டாம் வகுப்புங்க சார். நேரு ஜப்பானுக்கு யானை அனுப்புன கதையச் சொன்னீங்க. அந்த யானை திரும்பி வந்துச்சாங்கன்னு கேட்டேன். உட்காருன்னு சொல்லிட்டீங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு குழந்தை கேட்ட சரியான கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. இப்போது அந்த அம்மா கோழிப்பண்ணை நடத்துகிறாராம். கண்ணு, உனக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொய் என்றால் நமக்குத் தெரியும். இன்று வைத்தது நாளை திரும்பி வர வேண்டும். அரசர்கள் ஒருவருக்கொருவர் மிருகங்களைப் பரிசளித்ததும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். 1972-ல் நிக்சன் சீனாவுக்குப் போனார். சீனா இரண்டு பாண்டாக் கரடிகளைக் கொடுத்தது. பதிலுக்கு அமெரிக்கா இரண்டு கஸ்தூரி எருதுகளை அனுப்பியது. மொய்யும் எதிர்மொய்யும்! பிறகு 1984-க்கு மேல் சீனா பாண்டாவை இலவசமாகக் கொடுப்பதையே நிறுத்தி, ஒப்பந்தம் போட்டுக் கடனாக மட்டும் தர ஆரம்பித்தது.

நம் ஊருக்கு இது புதிது இல்லை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, இரந்து வந்தவர்களுக்கு நாள்தோறும் அணிகலன் பூட்டிய யானைகளைக் கொடுத்தான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சில் ஒருவன், "யானைக்குத் தீனி யாரு சார் போடுவாங்க?" என்றான். அவனையும் உட்காரத்தான் சொன்னேன். நல்ல கேள்விகளை எல்லாம் உட்கார வைத்தே ஓய்வு பெற்றுவிட்டேன் போலிருக்கிறது.

அதே புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் இருக்கிறார். இளவெளிமான் அவருக்குத் தகுதிக்குக் குறைந்த பரிசு கொடுத்தான். புலவர் வாங்க மறுத்துவிட்டுக் குமணனிடம் போனார். குமணன் யானை கொடுத்தான். அதைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டிவிட்டு, "இரப்பவர்க்குக் கொடுப்பவனும் உலகத்தில் உண்டு, பார்த்துக்கொள்" என்ற பொருளில் பாடிவிட்டுப் போனார். பரிசாகக் கொடுக்கும் மிருகம் வெறும் மிருகம் இல்லை. அது ஒரு பேச்சு. சில சமயம் ஒரு அடி.

அகஸ்டஸ் சீசருக்கு இந்தியாவிலிருந்து ஒரு தூதுக்குழு போனதை கிரேக்கரான ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அனுப்பிய அரசன் பெயரை ஓரிடத்தில் பாண்டியன் அல்லது போரஸ் என்கிறார். பெரிய பாம்புகள், ஓர் ஆற்று ஆமை, கழுகைவிடப் பெரிய கௌதாரி, இவற்றோடு கைகள் இல்லாத ஒரு மனிதனையும் பரிசாகக் கொண்டுபோனார்கள். ஆமாம், மனிதன். மிருகங்களோடு மிருகமாக. பயணம் நெடியது. வழியிலேயே பலர் இறந்து, அந்தியோக்கியா நகரில் பார்க்கும்போது தூதர்களில் மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்களாம். பரிசு போய்ச் சேர்ந்ததை வரலாறு சொல்கிறது. அதன் விலையை ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

1514-ல் போர்ச்சுகல் மன்னர் மானுவல், போப் பத்தாம் லியோவுக்கு ஹன்னோ என்ற வெள்ளை யானையைக் கொடுத்தார். அது கொச்சியிலிருந்து போன யானை. ரோம் நகரமே திரண்டு வந்து பார்த்தது. போப்பின் முன்னால் மண்டியிட்டு வணங்கியது. இரண்டே வருடத்தில் நோய் கண்டது. வைத்தியர்கள் தங்கம் கலந்த பேதி மருந்து கொடுத்தார்கள். 1516-ல் செத்துப்போனது. போப்புக்கு அதன்மேல் உண்மையான பிரியம் இருந்தது. பிரியம் இருந்தால் போதாது, அது என்ன தின்னும், எங்கே படுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். மாடு வளர்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சென்னையிலிருந்தும் ஒரு பரிசு போனது. கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், இங்கிலாந்து திரும்பியபோது ஒரு சிவிங்கியை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் கொடுத்தார். சிவிங்கி என்றால் வேட்டைச் சிறுத்தை. பேரப்பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமானால், சீட்டா. 1764-ல் விண்ட்சர் பூங்காவில் அதை ஒரு கலைமான்மேல் ஏவி விட்டார்கள். பழக்கமில்லாத மண், பழக்கமில்லாத மான். மான் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நின்றது, சிவிங்கி பின்வாங்கியது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் அதைப் படமாக வரைந்தார். இன்றும் மான்செஸ்டர் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. சிவிங்கியைப் பிடித்தபடி ஒருவர், மானைச் சுட்டிக்காட்டியபடி இன்னொருவர். வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக இங்கிருந்து போன நம் ஆட்கள். படத்தின் தலைப்பில் அவர்கள் 'இரண்டு இந்தியர்'. அவ்வளவுதான்.

அந்தச் சிவிங்கி இனம் நம் நாட்டிலிருந்து அற்றுப்போனதாக 1952-ல் அரசு அறிவித்தது. எழுபது வருடம் கழித்து, 2022 செப்டம்பரில், நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டார்கள். ஒரு காலத்தில் நாம் கொடுத்தோம், இப்போது கேட்டு வாங்குகிறோம்.

இனி ஜப்பான் யானைக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போரில், 1943-ல், டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சி சாலையில் ஓர் உத்தரவு வந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் ஊருக்குள் புகுந்துவிடும், ஆகவே கொன்றுவிடுங்கள் என்று. அங்கே மூன்று யானைகள் இருந்தன. விஷம் கலந்த உருளைக்கிழங்கை அவை தின்ன மறுத்தன. கடைசியில் பட்டினி போட்டே சாகவிட்டார்கள். தீனி கிடைக்கும் என்று நம்பி, பழக்கிய வித்தைகளை அவை செய்து காட்டினவாம். இந்தப் பகுதியை நான் வகுப்பில் சொன்னதில்லை. என்னால் சொல்ல முடியவில்லை.

போர் முடிந்தது. யானையைப் பார்த்தே இராத ஜப்பானியக் குழந்தைகள் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். நேரு மைசூரிலிருந்து பதினைந்து வயது யானை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தம் மகள் பெயரையே வைத்து, 1949-ல் கப்பலில் அனுப்பினார். இது நான் தரும் பரிசு அல்ல, இந்தியக் குழந்தைகள் ஜப்பான் குழந்தைகளுக்குத் தருவது என்று எழுதினார். அதற்குத் தெரிந்ததோ கன்னடம். கூடப் போன பாகர்களிடம் ஜப்பானியப் பராமரிப்பாளர்கள் அந்தக் கட்டளைச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். 1957-ல் நேரு ஜப்பான் போனபோது அந்த மிருகக்காட்சி சாலைக்கும் போய் இந்திராவைப் பார்த்தார். தோற்று நொந்துபோயிருந்த ஒரு நாட்டின் குழந்தைகளுக்கு அந்த யானை கொடுத்த சந்தோஷம் பொய் இல்லை. அதை நான் இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கண்ணு, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அது திரும்பி வரவில்லை. 1983-ல் டோக்கியோவிலேயே இறந்தது. குடகுக் காட்டில் பிடிபட்டு, மரம் இழுத்து, 1961-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போன அம்பிகாவும் வரவில்லை. 2020 மார்ச்சில் வாஷிங்டனில் இறந்தது. 1954-ல் ஆம்ஸ்டர்டாம் போன யானைக்கு நம் முருகன் பெயர். அவனும் வரவில்லை.

இலங்கை 1985-ல் பாகிஸ்தானுக்குக் கொடுத்த குட்டி யானை காவன். இஸ்லாமாபாத்தில் அவனுக்குத் துணையாக இருந்த சஹேலி 2012-ல் செத்த பிறகு, தனியாகவே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். நீதிமன்றம் தலையிட்டு, 2020 நவம்பரில் விமானத்தில் கம்போடியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே வேறு யானைகள் இருக்கின்றன. ஆனாலும் அது அவன் பிறந்த மண் இல்லை.

ஒன்று மட்டும் திரும்பி வந்தது. 2001-ல் தாய்லாந்து இலங்கைக்குக் கொடுத்த முத்துராஜா. அங்கே ஒரு பௌத்த விகாரையில் வளர்ந்தது. காலில் காயத்தோடு, சரியான கவனிப்பு இல்லாமல் கிடக்கிறது என்று தெரிந்ததும், தாய்லாந்து அதைத் திரும்பக் கேட்டு, 2023 ஜூலையில் விமானம் வைத்து அழைத்துக்கொண்டது. கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்பது மரியாதை இல்லை என்போம். கொடுத்த பிறகும் அது எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதுதான் மரியாதை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் உறவுகளும் படிப்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன்.

எங்கள் பெரியக்காவை மோகனூரிலிருந்து பரமத்தி வேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது அவளுக்குப் பதினேழு வயது. சீரோடு ஒரு செவலைக் கிடாரியும் போனது. பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலையில், அறுந்த கயிற்றோடு அந்தக் கிடாரி எங்கள் கட்டுத்தரையில் வந்து நின்றது. காவிரிக் கரையோரமாகவே நடந்து வந்திருக்கிறது. சீர் மாடு திரும்பினால் ஊர் என்ன பேசும் என்று அப்பா என்னையே திருப்பி ஓட்டிப்போகச் சொன்னார். எனக்குப் பதின்மூன்று வயது. போய்ச் சேர்ந்ததும் அக்கா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "இதுக்காவது வர வழி தெரிஞ்சிருக்குது பாரு."

அறுபது வருடமாக இந்தக் கதையை ஒவ்வொரு விசேஷத்திலும் சிரிப்புக் கதையாகச் சொல்லிவருகிறேன், மாடு ஓடிவந்த பாதி மட்டும். அக்கா சொன்னதை ஒருநாளும் சொன்னதில்லை. அக்காவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அக்காவின் பேத்தி இதை அவளுக்குப் படித்துக்காட்டுவாள் என்று தெரியும். அக்கா, வருகிற ஆடிப் பதினெட்டுக்கு நானே கார் எடுத்துக்கொண்டு வருகிறேன். பத்து நாள் நம் வீட்டில் இரு. அதற்கு மேலும் இருக்கத் தோன்றினால் இரு.

மாணவச் செல்வங்களே, வகுப்பில் நான் உட்கார வைத்த கேள்விகள் இன்னும் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்