பாதைதான் திட்டம்: இங்கிலாந்தின் குடிசைத் தோட்டம்

இங்கிலாந்தின் ‘காட்டேஜ் கார்டன்’ என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் நினைவுக்கு வருகிறது. கூரை வேய்ந்த சிறு வீடு, வாசல்வரை நெருக்கியடித்து நிற்கும் ஹாலிஹாக், லாவண்டர், கதவின்மேல் ஏறிப் படர்ந்த ரோஜா. அந்தத் தோட்டத்துக்குத் திட்டம் என்று எதுவும் கிடையாது, விதை விழுந்த இடத்தில் செடி வளர்ந்தது, அதுதான் அதன் அழகு என்று தோட்டக்கலை எழுத்தாளர்கள் பலர் எழுதிவிட்டார்கள். இந்தக் கருத்தை ஏற்க முடியவில்லை. அந்தத் தோட்டங்களுக்குக் கண்டிப்பான திட்டம் இருந்தது. யாரும் அதைக் காகிதத்தில் வரையவில்லை. தினமும் நடந்த கால்கள் தரையிலேயே வரைந்தன. நடைபாதைதான் அந்தத் திட்டம். பாதை எங்கே போகிறது, அதில் எவ்வளவு சுமை போக வேண்டும், அதில் நின்றால் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பவற்றை வைத்தே எந்தச் செடி எங்கே என்பது முடிவாயிற்று. இது விளங்க வேண்டுமானால் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த மண்ணை நம்பி வயிறு வளர்த்தவர்களின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்று கைவிடப்பட்ட கிராமம் ஒன்று உண்டு. மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்ட்டும் தலைமையேற்று, 1950களில் தொடங்கி 1990வரை அங்கே அகழாய்வு நடந்தது. இடைக்காலக் குடியானவர் மனையின் அமைப்பு அங்கே தெளிவாகத் தெரிகிறது: தெருவை ஒட்டி வீடும் முற்றமும், அதற்குப் பின்னால் நீண்டு செல்லும் கொல்லை. வீடு முன்னால், பயிர் பின்னால், இரண்டுக்கும் நடுவே ஓயாத போக்குவரத்து. அந்தக் கொல்லை ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு அவசியம் என்பதை அரசும் அறிந்திருந்தது. எலிசபெத் அரசியின் காலத்தில், 1589இல் வந்த சட்டம், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு குடிசைக்கும் 4 ஏக்கர் நிலம் சேர்ந்திருக்க வேண்டும் என்றது. பல இடங்களில் மீறப்பட்டாலும் 1775இல் நீக்கப்படும்வரை அது ஏட்டில் இருந்தது. அந்தக் காலத் தோட்டத்தில் என்ன வளர்ந்தது என்பதற்கு, தாமே விவசாயம் பார்த்த தாமஸ் டஸ்ஸர் 1573இல் வெளியிட்ட வேளாண்மை நூல் சாட்சி. அதில் செடிகளைப் பயனை வைத்தே பிரிக்கிறார்: சமையலுக்கு, பச்சையாகத் தின்ன, மருந்துக்கு, வடித்து நீர் எடுக்க, வீட்டுத் தரையில் வாசனைக்காகப் பரப்ப. நாம் இன்று பூச்செடி என்று மட்டும் பார்க்கும் ரோஜா, வயலட், லாவண்டர் எல்லாமே அந்தப் பட்டியல்களில் வேலைக்காரச் செடிகளாக நிற்கின்றன. வேலைக்கான செடி என்றால் அடிக்கடி கை வைக்க வேண்டிய செடி. கை வைக்க வேண்டிய செடிக்குப் பக்கத்தில் கால் வைக்க இடம் வேண்டும்.

இந்தக் கால் வைக்கும் இடத்தைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர் தாமஸ் ஹில். அவர் இறந்த பிறகு 1577இல், டிடிமஸ் மவுன்டன் என்ற புனைபெயரில் வெளிவந்த அவருடைய தோட்டக்கலை நூல், பாத்தியின் அளவுக்குச் சொல்லும் காரணம் எளிமையானது: களை எடுப்பவரின் கை, பாத்தியை மிதிக்காமல் நடுப்பகுதிவரை எட்ட வேண்டும். ஈர மண்ணை மிதித்தால் இறுகும். இறுகிய மண்ணில் வேர் ஓடாது, தண்ணீர் இறங்காது. ஆகவே பாத்தியை அளப்பது அளவுகோல் இல்லை, கை. இருபக்கமும் பாதை இருந்தால் பாத்தி அகலமாகலாம். ஒருபக்கம் மட்டும் என்றால் அது பாதியாகக் குறுக வேண்டும். ஹில் வசதியுள்ளவர்களுக்கு எழுதினார், எழுத்தறியாத கூலிக்காரருக்கு அதனோடு என்ன தொடர்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குடிசைவாசி ஹில்லைப் படித்திருக்க மாட்டார். ஆனால் கைநீளமும் மண்ணின் இயல்பும் செல்வருக்கும் ஏழைக்கும் ஒன்றுதான். சொல்லப்போனால், இடம் குறைந்தவருக்கே இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். மிதிபட்டு வீணாகும் ஒவ்வோர் அடியும் அவருக்கு விளைச்சல் இழப்பு. பாதைக்குத் தேவைக்கு மேல் விட்ட ஒவ்வோர் அடியும் அதே இழப்பு.

இடம் குறைந்த காலமும் பின்னர் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்களை நிறைவேற்றி, ஊர்ப் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியார் கைக்கு மாற்றியது. மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய இடங்களை இழந்த கூலிக் குடும்பத்துக்கு மிஞ்சியது வீட்டைச் சுற்றிய துண்டு நிலம்தான், அதுவும் இருந்தால். வில்லியம் காபெட் 1820களின் தொடக்கத்தில் குடிசைப் பொருளாதாரம் பற்றி எழுதியதும், தென் இங்கிலாந்தின் கூலி விவசாயிகள் கலவரத்தில் இறங்கிய 1830ஆம் ஆண்டிலேயே ஜான் கிளாடியஸ் லவுடன் குடிசைத் தோட்டக் கையேடு வெளியிட்டதும் இந்த நெருக்கடியில்தான். நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் தோட்டம் எப்படி இயங்கியது என்பதை, ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயரின் ஜூனிபர் ஹில் என்ற குக்கிராமத்தில் வளர்ந்த ஃப்ளோரா தாம்ப்சன் 1939இல் வெளியிட்ட ‘லார்க் ரைஸ்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். பன்றிக்கொட்டில் வீட்டை ஒட்டி இருந்தது. கழிப்பறை தோட்டத்தின் கோடியில் அல்லது விறகுக் கொட்டகையின் மூலையில் இருந்தது. பெரும்பாலான வீடுகளுக்குச் சொந்தக் கிணறு இல்லை. தண்ணீரைச் சுமந்து வர வேண்டும். ஆண்கள் பகல் முழுதும் பண்ணையில் உழைத்துவிட்டு மாலையில் காய்கறிப் பாத்திகளைக் கவனித்தார்கள். பூக்களும் மூலிகை மூலையும் பெண்களின் பொறுப்பு. இந்தப் போக்குவரத்தைக் கூட்டிப் பார்த்தால் தோட்டத்தின் வரைபடம் தானே கிடைத்துவிடும். சமையல் கழிவு பன்றிக்குப் போகும். பன்றியின் எரு பாத்திக்குப் போகும். கிழங்கும் கீரையும் அடுப்படிக்குத் திரும்பும். சுமையோடு தினமும் போகும் வழி நேராகவும் கெட்டியாகவும் இருந்தாக வேண்டும். அதனால்தான் வாசலிலிருந்து கிளம்பும் பாதை வளைந்து நெளியாமல் போனது. மழைக்காலச் சேற்றுக்கு அடுப்புச் சாம்பலும் கரிக்கழிவும் கொட்டி மிதித்துக் கெட்டியாக்கினார்கள்; வசதிப்பட்ட இடத்தில் செங்கல்லோ கல்பலகையோ பதித்தார்கள்.

செடிகள் இந்தப் பாதையைப் பார்த்தே இடம் பிடித்தன. சமைக்கும்போது ஓடி வந்து கிள்ளும் பார்ஸ்லி, தைம், சேஜ் வாசலுக்குப் பக்கத்தில். பாத்தி மண் பாதையில் சரியாமல் பிடித்து நிறுத்தக் குள்ளமான பிங்க், த்ரிஃப்ட் போன்றவை பாதையோரத்தில். ஆண்டுக்குச் சில தடவை மட்டுமே கை படும் கூஸ்பெரி, கரன்ட் புதர்கள் எட்டத்தில். ஹாலிஹாக்குக்கு வெயிலும் சாய்மானமும் வேண்டும், அன்றாட வேலை எதுவும் இல்லை. அதனால் அது சுவரடியில். வேலியோரத்துப் பார்வையாளருக்கு இது தாறுமாறான கலவையாகத் தெரியும். உள்ளே வேலை செய்பவருக்கோ இது தேவையின் வரிசை.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள்தான் ‘திட்டமில்லாத தோட்டம்’ என்ற படத்தை உருவாக்கினார்கள். ஹெலன் அலிங்ஹாம் 1881 முதல் சர்ரேயில் விட்லி அருகே வசித்தபடி, அழிந்துகொண்டிருந்த குடிசைகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். அந்த ஓவியங்களின் அருமையைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவற்றில் பூக்கள் முன்னால் நிற்கின்றன, பன்றிக்கொட்டில் கண்ணில் படுவதில்லை. வில்லியம் ராபின்சன் 1883இல் வெளியிட்ட ஆங்கிலப் பூந்தோட்ட நூலில், செல்வர் மாளிகைகளின் கம்பளப் பாணி நடவுக்கு மாற்றாகக் குடிசைத் தோட்டத்தின் இயல்பை முன்வைத்தார். தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜெக்கில் அதைக் கலையாகவே உயர்த்தினார். இங்கே முக்கியமான எதிர்வாதம் ஒன்று எழுகிறது: இன்று நாம் அறியும் குடிசைத் தோட்டம் ராபின்சனும் ஜெக்கிலும் கண்டுபிடித்ததுதான், அதற்கு முன் இருந்தது வெறும் உருளைக்கிழங்குக் கொல்லை என்கிறார்கள் சிலர். பூவின் பங்கு பிற்காலத்தில் பெருகியது உண்மை. ஆனால் ஜெக்கில் குடிசைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது பூவை மட்டுமல்ல என்பதற்கு அவருடைய மன்ஸ்டெட் வுட் தோட்டமே சான்று. அங்கே அவருடைய புகழ்பெற்ற பூவரிசை ஏறத்தாழ 200 அடி நீளம், 14 அடி அகலம். பின்னால் உயரமான மணற்கல் சுவர். பார்ப்பவருக்குச் செடிகள் சுவர்வரை அடர்ந்து நிற்பதாகத் தோன்றும். உண்மையில் சுவருக்கும் பூவரிசைக்கும் நடுவே ஒரு குறுகிய நடைவழி ஒளிந்திருக்கிறது. பின்வரிசைச் செடிக்குக் கொம்பு நட, சுவரில் படரும் கொடியை நறுக்க, ஆள் நுழைவது அதன் வழியாக. 14 அடிக்கு ஒருபக்கத்திலிருந்து எந்தக் கையும் எட்டாது என்பது அவருக்குத் தெரியும். ஹில் சொன்ன கணக்குதான் இது.

தானாக விழுந்து முளைத்த செடிகளுக்கு எந்தத் திட்டம் என்று கேட்பவர்களும் உண்டு. ஃபாக்ஸ்குளோவின் விதை எங்கும் விழும் என்பது சரி. எங்கும் பிழைப்பதில்லை. பாதை நடுவில் முளைத்தால் மிதிபடும். வெங்காயப் பாத்தியில் முளைத்தால் களைக்கொத்து எடுத்துவிடும். கடைசியில் மிஞ்சுவது சுவரடி, வேலியோரம், பாதையின் விளிம்பு ஆகிய இடங்கள்தான். விதைத்தது காற்றாக இருக்கலாம். எது இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானித்தது அந்தப் பாதையில் தினமும் நடந்தவர். இயற்கை போட்டுக்கொடுத்த ஒழுங்கு என்று நாம் வியப்பது பெரும்பகுதி களை எடுத்த பெண்களின், மண் கொத்திய ஆண்களின் தேர்வு. அதைத் தற்செயல் என்று சொல்வது அவர்களுடைய அறிவுக்குச் செய்யும் அநீதி.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பாணியை விரும்பிப் பின்பற்றியவர்களும் முதலில் பாதை, பிறகு செடி என்ற இதே வரிசையில்தான் வேலை செய்தார்கள். கென்ட்டில் 1930இல் சிஸிங்ஹர்ஸ்ட்டை வாங்கிய தம்பதியரில் ஹெரால்ட் நிக்கல்சன் பாதைகளையும் வேலிகளையும் நேர்கோட்டில் வகுத்தார். வீட்டா சாக்வில்-வெஸ்ட் அவற்றுக்குள் செடிகளைத் தாராளமாக நிரப்பினார். சாமர்செட்டின் ஈஸ்ட் லாம்ப்ரூக் மேனரில் மார்ஜரி ஃபிஷ், பூவின்மேல் இருந்த ஆசையில் நடுவதற்கு அவசரப்பட்டபோது, கணவர் வால்டர் முதலில் பாதை, புல்தரை, வேலி, சுவர் என்று பிடிவாதமாக நின்றதை 1956இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். பிறகு மார்ஜரி பாதைக் கற்களின் இடுக்குகளிலும் செடி நட்டார். எலும்பு உறுதியாக இருந்ததால்தான் அந்தத் தாராளம் அழகாயிற்று.

இன்று மாடியிலோ கொல்லையிலோ இந்தப் பாணியில் தோட்டம் போட விரும்புகிறவர்கள் நாற்றுப்பண்ணைக்குப் போய்ச் செடி வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டே பருவத்தில் உள்ளே நுழைய வழியில்லாமல் தோட்டம் காடாகி, சலிப்பில் கைவிடுகிறார்கள். வரலாறு காட்டும் வழி வேறு. முதல் வாரம் எதுவும் நட வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வரும், எரு எங்கே குவியும், குப்பை எங்கே போகும், அடுப்படிக்கு எது அருகில் வேண்டும் என்று பார்த்து வழியைத் தீர்மானியுங்கள். தள்ளுவண்டி போகும் வழியை அகலமாகவும், கால் மட்டும் வைக்கும் வழியைக் குறுகலாகவும் விடுங்கள். வீட்டில் சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பயன்படுத்தும் பெரியவர் இருந்தால் முதன்மைப் பாதை அவருக்கானதாக இருக்கட்டும். உங்கள் கை எட்டும் தூரத்தை அளந்து பாத்தியைப் போடுங்கள். செடிகளை அதற்குப் பிறகு நடுங்கள்.