மூத்த பிள்ளை சிவில்தான்

ப்ளஸ் டூ முடித்த என் பேத்தி, "தாத்தா, சிவில் எடுக்கட்டுமா? வெயில்ல நிக்கிற வேலை பொண்ணுக்கு எதுக்குன்னு அப்பா சத்தம் போடறாரு" என்றாள். மலருக்கு என்ன எழுதுவதென்று விழித்துக்கொண்டிருந்த எனக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

நம் கிண்டி கல்லூரிக்கு வித்து, 1794-இல் 8 மாணவர்களோடு தொடங்கிய சர்வே பள்ளி. கும்பினிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 1858-இல் அது சிவில் இன்ஜினீயரிங் பள்ளியாயிற்று. அடுத்த வருஷம் கல்லூரி. மெக்கானிக்கல் 1894-இல்தான் வந்தது, எலெக்ட்ரிகல் 1930-இல். (அந்தப் பிரிவு நண்பர்கள் கோபிக்க வேண்டாம், மூத்த பிள்ளை நாங்கதான்.)

பெண்களுக்குக் கதவு திறக்க மட்டும் 1940 ஆகிவிட்டது. முதலில் சேர்ந்தவர்கள் மூன்று பேர். லலிதா எலெக்ட்ரிகல், லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம்! திரேசியா கொச்சி சமஸ்தானப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ரோடும் பாலமும் வெயில்ல நிக்காமலா வந்திருக்கும்?

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். கவுன்சிலிங் பட்டியலில் சிவிலை முதலில் போட்டுவிட்டாள். அவ அப்பாதான் இன்னும் என்கிட்ட சரியாப் பேசலை.